‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கணினி கேட்டால்

அழிந்த ஃபைல்களை மீட்டுக் கொடுப்பது என் தொழில். என் மேசைக்கு வரும் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் கீழே விழுந்தவை உண்டு, தண்ணீர் பட்டவை உண்டு. ஒரு பழுதும் இல்லாமல், ஒரே ஒரு பொத்தானை அழுத்தியதால் காலியாகிப்போனவையும் கணிசமாக உண்டு. “நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவாத்தான் ஃபார்மேட் பண்ணச் சொல்லுச்சு” என்பார்கள். பொய் இல்லை. அது சொல்லத்தான் செய்யும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வீடியோ எடிட்டர். மேக்கில் வேலை செய்பவர். மூன்று மாத உழைப்பை 2 டிபி டிஸ்க்கில் போட்டு நண்பரிடம் கொடுத்திருந்தார். நண்பரிடம் இருந்தது விண்டோஸ். டிஸ்க்கைச் செருகியதும் ஒரு பெட்டி வந்தது: இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா? அவர் சரி என்று கொடுத்துவிட்டார். டிஸ்க் காலியாகத் திறந்தது. புது டிஸ்க் போலிருக்கிறது என்று தன்னுடைய 40 ஜிபி ஃபைல்களையும் அதில் ஏற்றிவிட்டார்.

சரி கொடுத்ததும் வரும் அடுத்த பெட்டியில் ‘குயிக் ஃபார்மேட்’ என்பதற்கு நேரே முன்கூட்டியே ஒரு டிக் இருக்கும். எடிட்டரை ஓரளவாவது காப்பாற்றியது அந்த டிக்தான். குயிக் ஃபார்மேட் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிக்கும், உள்ளே எழுதியதைத் தொடாது. டிக்கை எடுத்திருந்தால் விஸ்டா முதல் வந்த விண்டோஸ்கள் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிடும், அப்புறம் எனக்கு வேலையே இல்லை. ஆனாலும் அந்த 40 ஜிபி விழுந்த இடத்தில் இருந்தவை போனது போனதுதான். மீதியில் பெரும்பகுதி கிடைத்தது. பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை. எண்களே பெயரான ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எது எதில் சேரும் என்று அவர் பல நாள் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். டிஸ்க்கில் எங்கே என்ன இருக்கிறது என்று கணக்கு எழுதி வைக்க ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு முறை உண்டு. விண்டோஸுக்கு 1993இல் வந்த என்டிஎஃப்எஸ். மேக்குக்கு முன்பு எச்எஃப்எஸ் பிளஸ், 2017 முதல் ஏபிஎஃப்எஸ். லினக்ஸில் பெரும்பாலும் எக்ஸ்ட்4. மேக்கின் கணக்கையும் எக்ஸ்ட்4 கணக்கையும் விண்டோஸால் தானாகப் படிக்க முடியாது. ‘எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை. அது ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. தெரியாத மொழியில் எழுதிய நோட்டைக் கொடுத்தால், அழித்துவிட்டுக் கோடு போட்டுத் தரட்டுமா என்று கேட்பது மாதிரி. சில சமயம் பெட்டிகூட வராது. D:, E: போன்ற டிரைவ் எழுத்து இல்லாமல், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் மட்டும் தெரியும். அங்கே தேடிப் போய் ஃபார்மேட் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மேக் கொஞ்சம் நேர்மை, படிக்க முடியவில்லை என்றே சொல்லும். ஆனால் கீழே இருக்கும் பொத்தான்களில் ‘இனிஷியலைஸ்’ என்று ஒன்று உண்டு. அதுவும் அதே வேலைக்குத்தான் வழி. எந்தக் கணினியானாலும் கேன்சல் அல்லது எஜெக்ட் கொடுத்துவிட்டு, டிஸ்க் கொடுத்தவருக்கு ஒரு போன் போடுங்கள்.

இரண்டு பக்கமும் ஓடுவதற்கு என்ன செய்யலாம்? என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. எழுதவைக்கத் தனி மென்பொருள்கள் இருக்கின்றன. இயங்குதளம் அப்டேட் ஆகும்போது அவை தடுமாறுவதைப் பார்த்திருப்பதால் நான் யாருக்கும் சொல்வதில்லை. லினக்ஸ் படிக்கவும் எழுதவும் செய்யும். ஆனால் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் விண்டோஸை ஷட்டவுன் செய்தால் அது பாதி உறக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நிலையில் டிஸ்க்கை உருவி லினக்ஸில் போட்டால் எழுத விடாமல் முரண்டு பிடிக்கலாம். ஃபேட்32 எல்லா இடத்திலும் ஓடும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. “500 ஜிபி காலியா இருக்கு, 5 ஜிபி படம் ஏற மாட்டேங்குது” என்ற புகாருக்கு இதுதான் காரணம்.

மிஞ்சுவது எக்ஸ்ஃபேட். 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. மேக்கில் 2010இல் வந்த 10.6.5 முதல் ஓடுகிறது. 2019இல் அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த 5.7 கெர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) லினக்ஸுக்கும் நல்ல டிரைவர் கிடைத்தது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் வேண்டுமென்றால் நான் எக்ஸ்ஃபேட்தான் போட்டுக் கொடுப்பேன். மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டியில் ஃபார்மேட் செய்தால் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுத்து, மேலே இருக்கும் டிஸ்க்கையே தேர்ந்தெடுத்து, ஸ்கீமில் ஜியூஐடி (GUID) பார்ட்டிஷன் மேப் வையுங்கள். உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியிருக்கிறது.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை உண்டு, என் வருமானத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது. என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ட்4உம் ஒரு மாற்றத்தைச் செய்யும் முன் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். இடையில் மின்சாரம் போனாலும் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தப் பழக்கம் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் கணக்கு குழம்பிப்போகும். அப்படிக் குழம்பியதை மேக்கில் செருகினால் அது சத்தமில்லாமல் பின்னணியில் சோதனை செய்யும். பெரிய டிஸ்க் என்றால் வெகுநேரம் ஆகும், அதுவரை திரையில் டிஸ்க் தெரியாது. விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். டிஸ்க் போய்விட்டது என்று மறுபடியும் பிடுங்குவார்கள். குழப்பம் இரட்டிப்பாகும். விளக்கு மினுக்கினால் கைவைக்காதீர்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் ஃபைலை எடுத்துப் போகலாம். இருக்கும் ஒரே பிரதியை அதில் வைக்காதீர்கள்.

பயந்துபோய் எடுத்து வரும் சில விஷயங்கள் ஒன்றுமே இல்லாதவை. மேக்கில் இருந்து வந்த டிஸ்க்கில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட, சில கேபி அளவுள்ள ஃபைல்கள் தெரியும். படம் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். அவை மேக் தனக்காக எழுதி வைத்த குறிப்புகள். உண்மையான படம் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவதும் கணக்கு வித்தியாசம், மேக்கில் அதே டிஸ்க் 1 டிபி என்றே காட்டும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. எச்எஃப்எஸ் பிளஸ், ‘கொ’வில் இருக்கும் துணையெழுத்தை ஒரே குறியாக வைக்காமல் ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து வைக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அங்கிருந்து லினக்ஸுக்குப் போனால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், தேடினால் ஒன்று கிடைக்காது.

ஏற்கெனவே சரி என்று அழுத்திவிட்டீர்களா? டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அதில் எதையும் எழுதாதீர்கள், மீட்பு மென்பொருளை அதிலேயே இறக்காதீர்கள். சுழலும் டிஸ்க் என்றால் நம்பிக்கை அதிகம். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் ஃபார்மேட் செய்யும்போதே பழைய இடங்களைத் துடைத்துவிடச் சொல்லும் டிரிம் கட்டளை போய்விடக்கூடும், அங்கே நான் கையை விரிக்க வேண்டியிருக்கும்.

அந்த எடிட்டர் இப்போது யாரிடம் டிஸ்க் கொடுத்தாலும் மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்: ‘மேக் டிஸ்க். ஃபார்மேட் கேட்டால் கேன்சல். எனக்கு போன் செய்.’