சொல் விளக்கம்: ஹேண்ட்ஸ்-ஃப்ரீ – கைதொடா ஓட்டுத்துணை

அமெரிக்காவில் ஊர்விட்டு ஊர் நாள் முழுக்கக் கார் ஓட்டிப் போகிறவர்கள் பேச்சில் இப்போது அடிக்கடி அடிபடுகிற சொல் ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’. நெடுஞ்சாலை ஏறியதும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடலாம். தடம் விலகாமல் போவதையும், முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பதையும் காரே பார்த்துக்கொள்ளும். நம் ஊரில் இந்தச் சொல் காருக்கு முன்பே செல்போனோடு வந்துவிட்டது. காதில் மாட்டிப் பேசுகிற வயருக்கு அதுதான் பெயர்.

‘ஃப்ரீ’ என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது இலவசம். அதன் மிகப் பழைய வேருக்கோ ‘அன்புக்குரிய’ என்று பொருள். சமஸ்கிருதத்தின் ‘பிரிய’ அதே வேரில் கிளைத்தது. நாம் சொல்லும் ‘பிரியம்’ அங்கிருந்து வந்தது. ஜெர்மானிய மொழிகளில் அன்புக்குரியவர், அதாவது தம்மைச் சேர்ந்தவர், அடிமை அல்லாதவர் என்று பொருள் நகர்ந்து கடைசியில் ‘கட்டற்ற’ என்று நின்றது. இன்னொரு சொல்லின் வாலில் ஒட்டும்போது இது இரண்டு விதமாகப் பொருள் தரும். ‘சுகர்-ஃப்ரீ’ என்றால் சர்க்கரை இல்லாதது. ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்றால் கைக்கு ஓய்வு. அதனால் ‘கையில்லா ஓட்டுதல்’ என்று எழுதுவது பிழை. ‘கைவிடு ஓட்டுதல்’ அதைவிட மோசம். தமிழில் கைவிட்டால் பொறுப்பையே விட்டதாக ஆகிவிடும்.

கையைத் தூக்கிக் காட்டும் ஆசை பழையது. 1914 ஜூனில் பாரிஸ் அருகே சேன் ஆற்றின் மேல் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற இளைஞர் தன் விமானத்தை ஓட்டிக்கொண்டே இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். கூட வந்த மெக்கானிக் இறக்கையின் மேல் நடந்தார். வேகமாகச் சுழலும் சக்கரம் கொண்ட ‘ஜைரோஸ்கோப்’ என்ற சுழல்காட்டி விமானத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டது. இந்த வகைக் கருவிக்கு ‘ஆட்டோபைலட்’ என்ற பெயர் நிலைத்தது. ‘பைலட்’ என்ற சொல் கிரேக்கத்தில் துடுப்பு, சுக்கான் என்று பொருள்படும் சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது. கப்பல் செலுத்தும் நம் மீகாமனும் அதே வேலைக்காரர்தான்.

காருக்கு வந்த கதை இன்னும் அருமை. வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவிக்கு 1950-இல் காப்புரிமை பெற்றவர் ரால்ஃப் டீட்டர், சிறு வயதிலேயே கண்பார்வையை இழந்த பொறியாளர். 1958-இல் கிரைஸ்லர் அதைத் தன் கார்களில் ‘ஆட்டோ-பைலட்’ என்ற பெயரில் விற்றது. வேகத்தை மட்டும் பிடித்து வைக்கும் கருவிக்கு அது ரொம்பப் பெரிய பெயர். பின்னாளில் நிலைத்த ‘குரூஸ் கன்ட்ரோல்’ அடக்கமானது. ‘குரூஸ்’ என்பது டச்சு மாலுமிகளின் சொல், கடலில் குறுக்கும் நெடுக்கும் போவது.

கையை முழுதாக எடுக்க விட்ட முதல் கார்களில் ஒன்று, 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘சூப்பர் குரூஸ்’ பொருத்திய காடிலாக். முன்கூட்டியே நுட்பமாக அளந்து வரைபடமாக்கிய நெடுஞ்சாலைகளில்தான் அது வேலை செய்யும். ஸ்டீயரிங் மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை கையை எடுத்து வைத்திருக்கலாம். ஒரு கேமரா ஓட்டுபவரின் தலையையும் கண்ணையும் கவனித்துக்கொண்டே இருக்கும். பார்வை சாலையை விட்டு நகர்ந்தால் பச்சை மினுக்கும், அப்புறம் சிவப்பு. அதற்கும் திரும்பிப் பார்க்காவிட்டால் கார் வேகம் குறைந்து நின்றுவிடும்.

அந்தக் கேமரா இருப்பதே, ஓட்டுபவர் இன்னும் நீங்கள்தான் என்பதால். கார் எவ்வளவு தானே ஓடுகிறது என்பதற்கு எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த, பூஜ்யம் முதல் ஐந்து வரை எண்ணிட்ட நிலைகளில் இது நிலை 2. கையை எடுக்கலாம், கண்ணை எடுக்கக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் கண்டுகொள்வதில் இந்தக் கருவிகள் இன்றும் தடுமாறுகின்றன. 2024 பிப்ரவரியில் டெக்சஸின் சான் அன்டோனியோவில், இத்தகைய துணையோடு ஓடிய மின்கார் ஒன்று நெடுஞ்சாலையில் நின்றிருந்த கார்மீது மோதி, அந்த நின்றிருந்த காரின் ஓட்டுநர் இறந்துபோனார். அரைகுறையாகத் தானே ஓடும் வசதிக்கு, முழுதாகத் தானே ஓடுவதுபோல் மயக்கும் பெயர் வைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டமே போட்டிருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘தானியங்கி’, ‘தானோட்டி’ இரண்டும் அதே மயக்கத்தைத் தருவதால் எனக்கு ஒப்புதல் இல்லை. புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்ற தொடர் வருகிறது. வலவன் என்றால் தேரோட்டி. செலுத்துவோர் இல்லாமலே செல்லும் விண்ணூர்தி அது. எவ்வளவு அழகான தொடர்! ஆனால் ஃபீனிக்ஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாமல் ஓடும் வேமோ டாக்சிக்குத்தான் அது பொருந்தும். அதற்கு ‘வலவன் ஏவா ஊர்தி’ என்றே எழுதலாம்.

ஹேண்ட்ஸ்-ஃப்ரீக்கு என் பரிந்துரை ‘கைதொடா ஓட்டுத்துணை’. ‘துணை’ என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும்; ஓட்டுபவர் வேறொருவர் இருக்கிறார் என்று அது சொல்லிவிடும். கை ஸ்டீயரிங்கிலேயே இருக்க வேண்டிய, இந்தியாவில் ‘அடாஸ்’ என்று விற்கும் வசதிக்கு வெறும் ‘ஓட்டுத்துணை’ போதும். பேச்சில் இப்படி வரும்: “நெடுஞ்சாலை ஏறியதும் ஓட்டுத்துணையைப் போட்டேன்.” “சாலை வேலை நடக்கிற இடத்தில் துணை விலகிவிட்டது, நானே ஓட்டினேன்.”