காலையில் ஏற மறுக்கும் கார்டிசோல்

அடியும் பட்டினியுமாக இருந்த வீட்டிலிருந்து மீட்டு, நல்ல வளர்ப்புப் பெற்றோரிடம் (தத்தெடுக்காமல், தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்) சேர்த்த பிறகும் சில குழந்தைகள் மாதக்கணக்கில் முரண்டு பிடிப்பது ஏன் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பதிலில் ஒரு பகுதி குழந்தையின் எச்சிலில் இருக்கிறது.

ஆபத்து வந்தால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், அது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும், கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கும். பள்ளியில் படித்ததுதான். ஆனால் பயமே இல்லாத நாளிலும் கார்டிசோலுக்கு ஒரு தாளம் உண்டு. விழித்த அரைமணி நேரத்தில் உச்சிக்கு ஏறும், பகல் முழுக்க இறங்கும், படுக்கும்போது அடிமட்டத்தில் இருக்கும். எச்சிலை அவ்வப்போது பஞ்சில் ஒற்றி எடுத்துச் சோதித்தால் இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு கோடாக வரைந்துவிடலாம்.

கஷ்டப்பட்ட குழந்தைக்குக் கார்டிசோல் எகிறியே கிடக்கும் என்றுதானே தோன்றும்? அமெரிக்காவின் ஓரிகனில் உளவியலாளர் பிலிப் ஃபிஷரின் குழுவினர் பள்ளிக்குப் போகும் வயது வராத வளர்ப்புக் குழந்தைகளைச் சோதித்தபோது, பலருக்குக் காலையில் அது சரியாக ஏறவே இல்லை. நெடுநாள் ஓயாமல் தூண்டப்பட்ட அமைப்பு தன்னைத்தானே தணித்துக்கொள்கிறது என்று இதை விளக்குகிறார்கள்.

என்னை அசத்தியது அடுத்த கண்டுபிடிப்பு. வழக்கமான வளர்ப்பு வீடுகளில், குழந்தையின் சேட்டையால் பெரியவர் எவ்வளவு நொந்துபோகிறாரோ அந்த அளவுக்குக் குழந்தையின் காலைக் கார்டிசோலும் குறைந்திருந்தது. மாதங்கள் போகப் போகக் கோடு இன்னும் தட்டையானது. ஆய்வின் இன்னொரு பிரிவில் வளர்ப்புப் பெற்றோருக்குப் பயிற்சி, அடிக்கடி தொலைபேசி விசாரிப்பு, நடுராத்திரியிலும் கூப்பிட ஓர் ஆள் எல்லாம் இருந்தன. அவர்களின் மன அழுத்தம் குறைந்தது, அந்தக் குழந்தைகளின் தாளமும் பெரிதாகக் குலையவில்லை. யோசித்துப் பாருங்கள், பெரியவரின் களைப்பு பிள்ளையின் அட்ரினல் வரை போய்ச் சேர்கிறது!

அதனால்தான் ‘அதிர்ச்சியை அறிந்த பராமரிப்பு’, அதாவது குழந்தை பட்ட துன்பத்தைப் புரிந்துகொண்டு அதைப் பார்த்துக்கொள்வது, குழந்தைக்கான ஆலோசனையோடு முடிவதில்லை. அதே நேரத்தில் சாப்பாடு, அதே நேரத்தில் தூக்கம், கத்தாத குரல். இதையெல்லாம் தினமும் தருகிறவருக்கும் ஒரு துணை வேண்டும்.

இந்தியாவில் 2015 சிறார் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடம் தருகிறது. இங்கே இந்தக் குழந்தைகளை ‘ராசியில்லாத பிள்ளை’ என்று சொல்லிக் கயிறு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பிள்ளையின் ராசியில் ஒரு கோளாறும் இல்லை. அரசு பணம் ஒதுக்குவதாக இருந்தால், வளர்ப்புப் பெற்றோர் இரவிலும் கூப்பிடக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணுக்கு முதலில் ஒதுக்கட்டும்.