ரம்மில் புகை மணப்பது எப்படி?

“பழைய ரம்மோடு சுருட்டையும் சேர்த்துச் சுவைக்கிறார்களே, இரண்டும் பொருந்துகின்றன என்பதில் அறிவியல் இருக்கிறதா, இல்லை வெறும் பந்தாவா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அறிவியல் இருக்கிறது. அதன் நடுவில் நிற்பது, மரத்தை நிமிர்ந்து நிற்கவைக்கும் லிக்னின்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரும்பாலையில் சர்க்கரையைப் பிரித்த பிறகு மிஞ்சும் கறுத்த பாகு மொலாசஸ். அதில் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்ந்து நொதித்தால் எத்தனால்; காய்ச்சி வடித்தால் ரம். மார்ட்டினிக் தீவில் கரும்புச் சாற்றையே நொதிக்கவைப்பதும் உண்டு. ஜமைக்காவில் நொதித்தலை நாள்கணக்கில் நீட்டி, அன்னாசிப்பழம் போல மணக்கும் எஸ்டர்களைப் பெருக்குவார்கள். எப்படிச் செய்தாலும் வடிந்து இறங்கும் ரம் தண்ணீரைப் போல நிறமற்றது. சர்க்கரை ஆவியாகாது என்பதால் அதில் இனிப்பும் கிடையாது. பொன்னிறமும் வனிலா மணமும் பிறகு ஓக் பீப்பாயில் சேர்பவை.

கரீபியன் தீவுகளில் பெரும்பாலும் பயன்படுவது, அமெரிக்காவில் போர்பன் விஸ்கி வைத்திருந்த பீப்பாய்கள். போர்பனை உட்புறம் கருக்கிய புது ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை பயன்பட்டவை தீவுகளுக்குக் கப்பலேறுகின்றன.

அப்படிப்பட்ட பீப்பாயின் பலகை ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்முகத்தில் முதலையின் முதுகு போல வெடித்த கரி, சில மில்லிமீட்டர் தடிமனுக்கு. அதை ஒட்டிச் செம்பழுப்பாக ஒரு பட்டை. அதற்கும் அப்பால், மது எதுவரை ஊறியது என்று காட்டும் ஒரு கோடு. என் கண் போய் நிற்பது அந்தச் செம்பழுப்புப் பட்டையில்தான். கரி நேராக நெருப்பில் வெந்தது. இந்தப் பட்டை எரியாமல் சூட்டில் வாட்டப்பட்டது. செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்து வைக்கும் பசைதான் லிக்னின். ஓக் மரத்தில் அது கோனிஃபெரைல், சினாப்பைல் என்ற இரு வகை ஆல்கஹால்கள் ஒரு வரிசையும் இல்லாமல் பின்னிக்கொண்ட பெரிய வலை. சூடு பட்டதும் வலை கண்ணி கண்ணியாக அறுகிறது. முதல் வகைக் கண்ணியிலிருந்து வனிலின், இரண்டாம் வகையிலிருந்து சிரிஞ்சால்டிகைடு. சூடு இன்னும் ஏறினால் அதே கண்ணிகள் மேலும் உடைந்து குவாயகோலும் சிரிங்காலும் ஆகின்றன. புகையின் மணம் என்று நம் மூக்கு அறிவது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான்.

வனிலாக் காயில் இருக்கும் வனிலினும் இந்தப் பலகையின் வனிலினும் ஒரே மூலக்கூறு. 1874இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் கோனிஃபெரின் என்ற ஊசியிலை மரப் பொருளிலிருந்து வனிலினைச் செய்துகாட்டினார்கள். அவர்கள் ஆய்வகத்தில் செய்த மாற்றத்துக்கு நெருங்கிய ஒன்று, சூடு பட்ட பலகைக்குள் தானாகவே நடக்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பகலில் வெப்பம் ஏறினால் மது விரிந்து மரத்துக்குள் புகும். குளிர்ந்ததும், கரைத்தெடுத்ததைச் சுமந்துகொண்டு திரும்பும். வெப்பமண்டலத் தீவுகளில் ஆண்டுக்கு 6 முதல் 8 சதவீதம்வரை ஆவியாகியே போய்விடும். ஸ்காட்லாந்தில் சுமார் 2 சதவீதம்தான். தீவில் கழியும் பத்தாண்டும் குளிர்நாட்டுப் பத்தாண்டும் ஒன்றல்ல.

இனி சுருட்டு. புகையிலையின் நரம்புகளிலும் லிக்னின் உண்டு. நுனி கனலும்போது அது அறுந்து, புகையில் குவாயகோல் ஏறுகிறது. வாயில் தேக்கிய புகை தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டும்போதும், ஒரு வாய் ரம்மை விழுங்கிய பின் எழும் ஆவி எட்டும்போதும் அதே மூலக்கூறு அதே உணர்விகளைத் தட்டுகிறது. பொருத்தம் என்பது இதைத்தான். கூடவே, வனிலா மணத்தை இனிப்போடு சேர்த்தே பழகிய மூளை, சர்க்கரை இல்லாத ரம்மிலும் இனிப்பை உணர்கிறது. நிகோட்டினின் கசப்புக்கு அது நல்ல ஈடு. ஆகவே கருக்கிய மர மணம் தூக்கலான ரம்முக்குக் காரமான சுருட்டு, எஸ்டர் மணக்கும் இளம் ரம்முக்கு மென்மையான சுருட்டு என்பது என் கணக்கு.

சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் எழும் என்று சுவைஞர்கள் சொல்வதும் வீண்பேச்சு இல்லை. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் விஸ்கியைப் பற்றிக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். எத்தனால் 45 சதவீதமும் அதற்குக் கீழும் இருக்கும்போது குவாயகோல் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59 சதவீதத்தைத் தாண்டினால் எத்தனால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதற்கெல்லாமா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கத்தான் வேண்டும் என்பேன். காகித ஆலைகள் மரக்கூழிலிருந்து பிரியும் லிக்னினில் பெரும்பகுதியை எரிபொருளாகவே எரிக்கின்றன. அந்த வலையை விரும்பியபடி அறுக்கத் தெரிந்துகொண்டால் நமக்குக் கிடைக்கக்கூடியவை ஏராளம்.

நிறம் கறுத்தால் வயது அதிகம் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். கேரமல் நிறமி சேர்த்தும் கறுக்கவைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதுவும் புகையிலைப் புகையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிப்பட்டவை. சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் வாய்ப்பு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. பலகையிலிருந்து வனிலினை இழுத்தெடுத்த அதே கரைக்கும் திறன், புகையின் நச்சுகளை வாயின் உட்தோலுக்குள் கொண்டுபோகவும் உதவுகிறது என்று கருதப்படுகிறது. புகையை உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்பது தவறு. சுருட்டுப் புகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உடையது. அதனால் நிகோட்டின் வாயிலேயே ரத்தத்தில் ஏறிவிடும்.

குடிக்காமலேயே இந்த வேதியியலைப் பார்க்க ஒரு வழி உண்டு. நல்ல பழைய ரம் இருந்த கோப்பையைக் கழுவாமல் இரவு முழுவதும் விட்டுவையுங்கள். 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால் விடிவதற்குள் போயிருக்கும். 285 டிகிரி வேண்டும் வனிலின் கொதிக்க, அது போகாது. காலையில் காலிக் கோப்பைக்குள் மூக்கை நுழைத்தால் மது வாடையே இல்லாமல் வனிலாவும், அதன் அடியில் மெல்லிய புகையும் மணக்கும்.