ஐப்பசியில் இறுகும் அலமாரி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பூட்டனார் காலத்துத் தேக்கு அலமாரி ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் கதவு இறுகிக்கொள்கிறது, பங்குனி வந்தால் தொட்டாலே திறக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் செத்த மரம் ஏன் இன்னும் அசைகிறது?

மரம் செத்தது உண்மை. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்ச அதற்கு உயிர் தேவையில்லை. மரச் செல்களின் சுவர் செல்லுலோஸால் ஆனது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த இழைகளுக்கு இடையே நீர் மூலக்கூறுகள் புகுந்து ஒட்டிக்கொள்ளும்போது சுவர் பருக்கிறது, வெயிலில் அவை வெளியேறினால் சுருங்குகிறது. அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பருப்பதில்லை. இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. நீர் அவற்றின் இடையில் புகுந்து பக்கவாட்டில்தான் தள்ள முடியும். பத்தமடையில் பாய்க்கான கோரையை ஓடும் தண்ணீரில் ஊறப்போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: கோரை பருக்கும், நீளாது. பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால், ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதம்தான். நீளத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. வளையத்தின் போக்கில் அறுத்த 40 செ.மீ. அகலப் பலகை, அதன் ஈரம் 10 சதவீதப் புள்ளி கூடினால் சுமார் 7 மில்லிமீட்டர் அகலும். ஒற்றைப் பலகையில் செய்த கதவென்றால், இறுக அது தாராளமாகப் போதும்.

19-ஆம் நூற்றாண்டின் ஆசாரி இந்தச் சதவீதங்களை எழுதி வைத்திருக்க மாட்டார். ஆனால் கணக்கு அவர் கையில் இருந்தது. பழைய அலமாரிக் கதவை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் குறுகலான சட்டம், அதன் உட்புறம் காடி, அதாவது நீளமாக வெட்டிய பள்ளம், காடிக்குள் அகலமான பலகை. அந்தப் பலகைக்குப் பசை கிடையாது, ஆணியும் கிடையாது. காடிக்குள் கொஞ்சம் இடம் விட்டு அதைச் சும்மா செருகியிருப்பார். மழையில் பலகை காடிக்குள் விரியும், கோடையில் பின்வாங்கும். சட்டம் குறுகலானது என்பதால் அது அகலுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் வாசகியின் கதவை இறுக்குகிறது. பூவேலையும் கொடி வேலையும் செதுக்கிய பலகைகள் இத்தனை வருஷம் பிளக்காமல் நிற்க இந்த ஏற்பாடே காரணம். செதுக்கலை எல்லோரும் மெச்சுகிறோம். எனக்கு அந்தக் காடிதான் பெரிய கலை.

எங்கள் வீட்டு அலமாரியில் பலகை ஆடுகிறது என்று ஒருவர் நான்கு ஆணி அடித்துக் கொடுத்தார். அடுத்த சித்திரையில் நடுவாக ஒரு விரிசல். சுருங்க வழியில்லாத மரம் பிளக்கத்தான் செய்யும். அதனால் வாசகிக்கு ஒன்று சொல்கிறேன்: மழைக்காலத்தில் கதவை இழைப்புளியால் இழைக்க விடாதீர்கள். தை வரை பொறுங்கள். ஐப்பசியில் இழைத்த கதவு பங்குனியில் இடைவெளி காட்டும்.

ஊருக்கு ஊரும் மாறும். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரலில் மரம் ஈரம் குடிக்கும். அதே நாட்களில் பாளையங்கோட்டையில் காய்ந்த காற்றுதான் அடிக்கும். ஒரே தச்சர் செய்த இரண்டு அலமாரிகள் இரண்டு ஊரிலும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

ராத்திரியில் 'டக்' என்று சத்தம் வருகிறது, பெட்டியில் ஏதோ குடியிருக்கிறது என்று நல்ல சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. பருவம் மாறும்போது மூட்டில் சேர்ந்த இறுக்கம் சட்டென்று விடுபடும் சத்தம் அது. பேயோட்டுகிறவருக்குக் கொடுக்கும் பணத்தை, காடி போடத் தெரிந்த ஆசாரிக்குக் கொடுக்கலாம். பெங்களூரில் மர அறிவியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வீட்டுப் பழம்பொருட்களைப் பேணும் ஆய்வுக்கும் அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

பழைய வட்ட மேசை வாங்கப் போனால் டேப் கொண்டுபோங்கள். பலகையின் நீளவாக்கில் ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு. குறுக்களவு சற்றுக் குறைந்தால் அது காலத்தோடு சுருங்கிய மரம்.

பங்குனி வெயில் ஏறியதும் வாசகி தன் அலமாரிப் பலகையின் ஓரத்தைப் பார்க்கட்டும். பாலிஷ் படாத மெல்லிய கீற்று ஒன்று காடியிலிருந்து எட்டிப்பார்க்கும். பூட்டனார் காலத்து ஆசாரி உள்ளே செருகிய விளிம்பு அது. கார்த்திகைக்குள் மறுபடி உள்ளே போய்விடும்.