வெல்டிங் வைத்தால் தகரம் ஏன் நெளிகிறது?

வெல்டிங் பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தகடுகளை ஒட்டவைப்பதுதான் வித்தை என்று நினைக்கிறார்கள். கேட் செய்கிற பட்டறையில் அது சரி. கார் பாடியில் கதை வேறு. அங்கே தகட்டின் கனம் பெரும்பாலும் 0.7 முதல் 1 மி.மீ வரைதான். ஒட்டென்னவோ சுலபமாக விழுந்துவிடும். விழுந்த பிறகு பார்த்தால், பக்கத்தில் நன்றாக இருந்த தகரமும் சேர்ந்து அலை அலையாக நெளிந்திருக்கும். அடுத்து வரும் சுத்தியல், பள்ளம் நிரப்பும் பட்டி, உப்புத்தாள் வேலையெல்லாம் அந்த நெளிவைச் சரிக்கட்டத்தான். எனவே மெஷின் வாங்குவதற்கு முன்பே நெளிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1 மீட்டர் இரும்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 1.2 மி.மீ நீளும். ஆறினால் அதே அளவு சுருங்கும். கணக்கு நேராகிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் வெல்டிங் விழும் இடம் ஏறக்குறைய 1,500 டிகிரியில் உருகும்போது, ஒரு சாண் தள்ளி இருக்கும் தகடு கை வைக்கிற சூட்டில்தான் இருக்கிறது. சூடான பகுதி நீளப் பார்க்கிறது, சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடுவதில்லை. நல்ல சூட்டில் இரும்பு இளகிப் பலமிழந்திருப்பதால், நீள வழியில்லாமல் கனத்தில் தடித்துக்கொள்கிறது. அப்புறம் ஆறுகிறது. ஆறும்போது சுருங்கியாக வேண்டும். நீளாமலே சுருங்குவதால் முன்பு இருந்ததைவிடக் குட்டையாகிவிடுகிறது. குட்டையான அந்தக் கோடு இருபக்கத் தகட்டையும் தன் பக்கம் இழுக்கிறது.

கனமான தகடு இந்த இழுப்பைத் தாங்கிவிடும். மெல்லியது தாங்காது. தட்டையான தகடு நெளியாமல் தாங்கும் அழுத்தம் அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் பாதியானால் தாங்குதிறன் கால்வாசிதான். வளைந்த பரப்பு இதைவிட நன்றாகத் தாங்கும். அதனால்தான் அனுபவமுள்ள டிங்கர் ஒட்டுக்கோட்டைக் கதவின் நட்டநடுவில் கொண்டுவர மாட்டார், மடிப்புக்கோ விளிம்புக்கோ பக்கத்தில் கொண்டுபோவார்.

அப்படித் தள்ளிக்கொண்டுபோக முடியாத வேலையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியாவில், காரின் கூரையைச் சில அங்குலம் வெட்டித் தாழ்த்துவது பெரிய மோகமாக இருந்தது. லின்வுட்டில் பட்டறை வைத்திருந்த ஜார்ஜ், சாம் பாரிஸ் சகோதரர்களில் சாம், தன் 1949 மெர்குரி காரையே இப்படி வெட்டிப் பெயர் வாங்கினார். கூரையைத் தாங்கும் தூண்களில் நான்கு அங்குலம் எடுத்துவிட்டால் ஆயிற்று என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்கின்றன. கூரையை இறக்கினால் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுக்கொன்று நேராக வராது. தூணைச் சாய்க்க வேண்டும், இல்லையென்றால் கூரையையே பிளந்து இடையில் தகடு சேர்க்க வேண்டும். அதாவது காரிலேயே அகலமான, நெளிவதற்கு மிகத் தோதான பரப்பின் நடுவில் ஒட்டு.

அன்று அவர்களிடம் இருந்தது கேஸ் வெல்டிங். அந்தச் சுடர் பரவலாகச் சூடேற்றுவதால் நெளிவும் அதிகம். ஆனால் ஒட்டு மென்மையாக இருக்கும், சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். மிச்சப் பள்ளங்களை ஈயத்தால் நிரப்பினார்கள். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகம் 183 டிகிரியில் இளகத் தொடங்கினாலும் 255 டிகிரி வாக்கில்தான் முழுதாக உருகும். இடைப்பட்ட நிலையில் அது அல்வா பதத்தில் இருக்கும். மரக்கட்டையால் செங்குத்தான பரப்பில்கூட இழைத்துப் பூசலாம், வழியாது. அழகான வேலைதான், ஆனால் ஈயத்தூள் விஷம். வீட்டில் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்று வீட்டில் பழகுகிறவருக்கு ஏற்றது மிக் வெல்டிங். நம்மூர்ப் பட்டறைகளில் சிஓ2 வெல்டிங் என்பார்கள். 0.6 மி.மீ கம்பி தானாக வந்துகொண்டிருக்கும். கம்பி தகட்டைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து நுனி உருகி ஒட்டும், அறுபடும், மறுபடி தொடும். ஒரு நொடிக்குள் இது பல பத்துத் தடவை நடக்கிறது. வெல்டிங் சரியாகப் போகும்போது கேட்கும் சீரான படபடப்பு அதனால்தான். சத்தம் திக்கித் திணறினால் கம்பியின் வேகமோ வோல்டேஜோ பொருந்தவில்லை. கம்பியோடு சேர்ந்து வரும் வாயு, உருகிய இரும்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் தொடாமல் காக்கிறது. வெறும் கார்பன் டை ஆக்சைடு மலிவு, ஆனால் தீப்பொறி அதிகம் தெறிக்கும், மெல்லிய தகட்டில் ஓட்டையும் விழும். ஆர்கான் கலந்த வாயுவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

மெல்லிய தகட்டில் நீளமாகக் கோடு இழுக்கவே கூடாது. ஒரு டேக் (ஒரு புள்ளி அளவு ஒட்டு) அடித்து, கை வைக்கும் அளவு ஆறவிட்டு, அடுத்ததை எட்டத்தில் அடிக்க வேண்டும். இப்படியே இடைவெளிகளை நிரப்பி வரலாம். ஒரே நேரத்தில் சூடாகும் பகுதி குறுகலாக இருந்தால் இழுப்பும் குறையும். பின்புறம் செம்புப் பட்டை வைத்தால் அது சூட்டை வாங்கிக்கொள்ளும். இரும்பு அதில் ஒட்டாது, ஓட்டையும் விழாது. இவ்வளவு செய்தும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். மேடாக நிற்கும் ஒட்டைக் கிரைண்டரில் இதமாகத் தேய்த்துவிட்டு (அழுத்தித் தேய்த்தால் அந்தச் சூட்டிலும் நெளியும்), பின்னால் டாலி என்னும் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து ஒட்டின் மேலேயே தட்ட வேண்டும். தட்டத் தட்ட இரும்பு மெலிந்து நீளும், இழந்த நீளம் திரும்பி வரும். மிக் ஒட்டு கடினமானது, ஆகவே பொறுமை வேண்டும். தட்டியது அதிகமாகித் தகரம் உப்பிவிட்டால், சின்ன வட்டமாகச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் அந்த இடம் சுருங்கிக்கொள்ளும். நெளிவைக் கொண்டுவந்த அதே சங்கதி இங்கே மருந்தாகிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் பட்டி. பாலியெஸ்டர் பிசினில் டால்க் பொடி கலந்ததுதான் இன்றைய பட்டி. கூடவே வரும் சிவப்பு அல்லது நீலப் பசையில் பென்சாயில் பெராக்சைடு இருக்கிறது. அது பிசின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும். சேர்க்க வேண்டியது எடையில் 2 சதவீதம் அளவுதான், சில நிமிடங்களில் இறுகிவிடும். சூடானால் பட்டி இரும்பைவிடப் பல மடங்கு விரியும், அதனால் கனமாக அப்பினால் நாளடைவில் வெடிக்கும். அது ஈரத்தையும் உறிஞ்சும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அடியில் துருப்பிடித்து பெயிண்ட் கொப்பளிக்க அதுவே போதும். தண்ணீர்ப் பேப்பர் எல்லாம் பெயிண்டுக்கு, பட்டிக்கு உலர்தேய்ப்புதான்.

எவ்வளவு வழவழப்பு போதும் என்றால், பதில் கொஞ்சம் பயமுறுத்தும். 10 செ.மீ அகல அலை ஒன்று மட்டத்திலிருந்து 0.1 மி.மீ ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகமாகச் சாயும் இடத்தில் அதன் சரிவு 0.36 டிகிரி. பளபளப்பான பரப்பு சாய்ந்தால் ஒளி இரண்டு மடங்கு திரும்பும். 3 மீட்டர் தள்ளி எரியும் டியூப் லைட்டின் பிம்பம் கிட்டத்தட்ட 4 செ.மீ விலகித் தெரியும். கண் பார்ப்பது பள்ளத்தின் ஆழத்தை அல்ல, அதன் சரிவை. விரல்களால் தேய்த்தால் உப்புத்தாள் பள்ளத்துக்குள்ளும் இறங்கி அதை அப்படியே காப்பாற்றிவிடும். நீளமான கட்டையில் சுற்றித் தேய்த்தால் மேடு மட்டும் குறையும். மேலே லேசாகக் கறுப்பு ஸ்ப்ரே தூவிவிட்டுத் தேய்த்தால் கறுப்பு மிஞ்சும் இடமெல்லாம் பள்ளம்.

பாதுகாப்பில் முகமூடியைத் தாண்டி இரண்டு விஷயம். துத்தநாகம் பூசிய தகட்டில் பூச்சைத் தேய்த்தெடுக்காமல் வெல்டிங் வைத்தால் அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். குளோரின் உள்ள பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது, பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகும்.

பழகுவதற்குச் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பானெட் ஒன்று போதும். ஓடுகிற காரில் துருப்பிடித்த இடத்துக்கு ஒட்டுப் போடலாம். ஆனால் புதிய கார்களில் கதவுகளுக்கு இடையே உள்ள தூண் பெரும்பாலும் சூட்டில் அழுத்திக் கடினமாக்கிய போரான் எஃகு. வெல்டிங் சூடு பட்டால் அதன் பலம் போய்விடும், அங்கே கை வைக்கக் கூடாது. கூரையைத் தாழ்த்தும் ஆசை இருந்தால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைப் படித்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள அடிப்படை விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்ற அது அனுமதிப்பதில்லை.