பிரேக் டிஸ்க்கைக் கடைவதற்கு முன் அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள்

வால்பாறை மலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த ஒரு கார், சில மாதங்களுக்கு முன் பொள்ளாச்சியிலுள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. கடைசி வளைவுகளில் பிரேக் பெடல் பஞ்சுபோல உள்ளே போனதாக அதன் உரிமையாளர் சொன்னார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுகளான முன் பிரேக் டிஸ்க்குகள் இரண்டும் கண்ணாடிபோல மின்னின. வீட்டிலுள்ள சிறிய லேத்தில் அவரே கடைந்திருந்தார்; வேலை உண்மையிலேயே அழகாக இருந்தது. ஆனால் டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் 20 மி.மீ. என்று பொறித்திருக்க, மைக்ரோமீட்டர் 19.2 மி.மீ. என்றே காட்டியது.

முக்கால் மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று அவர் கேட்டார். முன் டிஸ்க்குகள் பெரும்பாலும் நடுவே காற்று இடைவெளி கொண்டவை. புதிய டிஸ்க்கில் 22 மி.மீ. என்று நாம் அளப்பதில் அந்த இடைவெளியும் சேர்ந்தே இருக்கிறது. தேயும் இரும்பு இருபுறச் சுவர்களில் மட்டுமே உள்ளது. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் ஆற்றலில் பெரும்பங்கு பிரேக்கில் வெப்பமாகிறது, அதிலும் அதிகச் சுமை முன் டிஸ்க்குகளுக்கே. இரும்பு குறையக் குறைய அதே வெப்பத்துக்கு டிஸ்க் கூடுதலாகச் சூடேறும். அச்சூடு, டிஸ்க்கில் உரசும் பேட் வழியாக, அந்தப் பேடை அழுத்தும் காலிப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் இறங்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும்.

பொறித்திருக்கும் எண், அதற்குக் கீழே போனால் டிஸ்க்கைக் கழித்துவிட வேண்டும் என்பதற்கான எல்லை. அந்த எண் வரை கடையலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. கடைந்து முடித்த பிறகும் இனி வரும் தேய்மானத்துக்கு இடம் மிச்சமிருக்க வேண்டும். அளக்கும்போது வெர்னியரை வெளி விளிம்பில் வைக்காதீர்கள். அங்கே பேட் படாமல் மேடாக நிற்கும் வரம்பு பொய்யான அளவைத் தரும். மைக்ரோமீட்டரால் பேட் உரசும் இடத்தில், சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது வரும் உதறலுக்காகக் கடைய நினைப்பவர்கள் முதலில் ஹப்பை, அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதியைப் பாருங்கள். ஹப்பும் டிஸ்க்கும் சேரும் முகத்தில் படிந்த துருவே பல கார்களில் உதறலுக்குக் காரணமாக இருக்கிறது. துருவைத் தேய்த்து நீக்கி, டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்துச் சுற்றினால், பல கார்களில் அனுமதிக்கப்படும் ஆட்டம் 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். வீட்டு லேத்தில் பொருளைப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கே அவ்வளவு ஆடக்கூடும். எனவே ஹப் முகத்தை ஆதாரமாகக் கொண்டு டிஸ்க்கைப் பிடித்து, டயல் கேஜில் சரிபார்த்த பிறகே கடைய வேண்டும். முடிந்தவரை இரு பக்கங்களையும் ஒரே பிடிப்பில் முடியுங்கள். கழற்றித் திருப்பி மாட்டினால் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக அமைவது அரிது.

நீலம் பாரித்த திட்டுகளோ, விளிம்பை எட்டிய வெடிப்போ தெரிந்தால் அந்த டிஸ்க்கைக் கடையவே வேண்டாம். அதிக வெப்பத்தால் வார்ப்பிரும்பு அந்தத் திட்டுகளில் இறுகிக் கடினமாகிவிடுகிறது. மேலே எடுத்தாலும் அடியில் கடினம் இருக்கும், உதறல் திரும்ப வரும். காரை ஜாக்கியில் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு, சுற்றும் டிஸ்க்கில் கிரைண்டரைப் பிடிப்பதைச் சிலர் சுலப வழியாகச் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கை போகும் ஆபத்து ஒருபுறமிருக்க, தடிமன் இடத்துக்கு இடம் மாறி உதறல் முன்பைவிட மோசமாகும்.

கடைந்த டிஸ்க்கைச் சோப்பு நீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவையுங்கள். இரும்புத் துகள் பேடில் ஏறினால் புதிய முகத்தையே கீறும். ஒரே அச்சின் இரு டிஸ்க்குகளையும் சேர்த்தே கடைந்து, புதிய பேடுகளைப் பொருத்தி, டயல் கேஜை மீண்டும் வையுங்கள். பிறகு ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் பத்து முறை மிதமாக வேகம் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். சூடான நிலையில் பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் பூச்சு ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் காருக்கு இரண்டு டிஸ்க்குகளையும் பிரேக் ஆயிலையும் மாற்றிக் கொடுத்தோம். தாம் கடைந்த டிஸ்க்குகளை உரிமையாளர் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேட்டார். வேறு யார் காரிலும் ஏறிவிடாதபடி அவற்றை அவர் கண்ணெதிரே உடைத்த பிறகே கொடுத்தேன்.