திருடனுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் சொல்லவில்லை

போன வாரம் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு மாமா கூப்பிட்டார். நண்பனின் மாமனார், எழுபதைத் தாண்டியவர். வங்கிக் கணக்கிலிருந்து இரவோடு இரவாகப் பணம் போயிருக்கிறது. "தம்பி, நான் ஓடிபியை யாருக்கும் சொல்லலப்பா, எனக்கு அந்த மெசேஜே வரல" என்று மூன்று முறை சொன்னார். போன் கம்பெனியில் கேட்டதற்கு, எங்கள் நெட்வொர்க்கில் ஒரு குறையும் இல்லை, நீங்களே யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள் என்று முடித்துவிட்டார்களாம். நான் போன்களின் சிக்னலிங், அதாவது நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை, அதன் பாதுகாப்பில் வேலை செய்கிறவன் என்பதால் இப்படி என்னிடம் வருகிறார்கள், இந்த வருடத்தில் இவர் ஐந்தாவது ஆள். எண்ணை வேறு யாராவது தன் சிம்முக்கு மாற்றினார்களா, மெசேஜ் வழியிலேயே திருப்பப்பட்டதா என்று சொல்லக்கூடிய பதிவுகள் கம்பெனியிடம் இருக்கின்றன, மாமாவிடம் இல்லை. அதனால் பழி மாமா மேல்.

"நெட்வொர்க்கில் குறையே இல்லை" என்ற அந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு கம்பெனியின் நெட்வொர்க் இன்னொன்றோடு பேசும் எஸ்எஸ்7 என்ற முறை 1970களில் வடிவமைக்கப்பட்டது. ஒருவர் கேட்டால் மற்றவர் நம்பிப் பதில் சொல்வார், அவ்வளவுதான் அதன் பாதுகாப்பு. என் வேலையில் அடிக்கடி பார்ப்பது இது: ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஏதோ ஒரு நாட்டின் நெட்வொர்க் முகவரியிலிருந்து, இங்கே தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவருடைய எண்ணைப் போட்டு, 'இவர் இப்போது எந்த டவரில் இருக்கிறார்?' என்று கேள்வி வரும். கொஞ்ச நேரம் கழித்து அதே எண்ணுக்கு, 'இவர் எங்களிடம் ரோமிங்கில் இருக்கிறார், மெசேஜை இங்கே அனுப்புங்கள்' என்று வரும். தடுப்பு போட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். போடாத இடத்தில் ஓடிபி அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஜெர்மனியில் 2017இல் இப்படித்தான் வங்கிக் கணக்குகளைக் காலி செய்தார்கள், அங்குள்ள ஓ2 நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டது.

இதைப் பேசினால் உடனே ஒரு எதிர்வாதம் வரும், படித்தவர்களே சொல்கிறார்கள்: "ஓட்டையை வெளியே சொன்னால் திருடனுக்கு வழி காட்டுவது போல ஆகிவிடாதா?" ஆகாது. 2014 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், டோபியாஸ் எங்கல் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை மேடையிலேயே விளக்கிவிட்டார்கள், வீடியோ இன்றும் இணையத்தில் இருக்கிறது. 2016இல் டெட் லியூ என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் போனை, அவருடைய சம்மதத்தோடு, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஒட்டுக்கேட்டுக் காட்டினார்கள். திருடனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர் மாசாமாசம் பில் கட்டுகிற மாமா மட்டும்தான்.

இன்னொன்றும் பாருங்கள். அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிஸா, எந்தெந்த மென்பொருள் ஓட்டைகள் வழியாக இப்போது தாக்குதல் நடக்கிறது என்று 2021 நவம்பரிலிருந்து ஒரு பொதுப் பட்டியலே நடத்துகிறது. அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை, அதைப் பார்த்துத்தான் நாங்கள் அவசர அவசரமாக அடைக்கிறோம். ஆனால் அதே சிஸா 2022இல் தொலைத்தொடர்பு நெட்வொர்க்குகளின் பலவீனம் பற்றி நிபுணர்களைக் கொண்டு எழுத வைத்த அறிக்கையை மட்டும் பூட்டி வைத்தது. அது அரசு ரகசியம் என்று முத்திரை குத்தப்பட்டதுகூட இல்லை! 2024இல் சால்ட் டைஃபூன் விவகாரம் வெடித்தது. சீன அரசோடு தொடர்புடையவர்கள் என்று அமெரிக்கா சொல்லும் கும்பல் ஏடி அண்ட் டி, வெரைசன் உள்ளிட்ட நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற உத்தரவின்பேரில் ஒட்டுக்கேட்பதற்கான அமைப்புகள் வரை போயிருந்தது. அதை விசாரித்துக்கொண்டிருந்த மறுஆய்வு வாரியத்தின் உறுப்பினர்களை 2025 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த 2022 அறிக்கையை வெளியிடும்வரை சிஸாவின் புதிய தலைவர் நியமனத்தை விடமாட்டேன் என்று ஒரேகான் செனட்டர் ரான் வைடன் ஏப்ரலில் நிறுத்தி வைத்தார். ஜூலையில் அதை வெளியிடச் சொல்லும் மசோதாவை செனட் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. மூன்று வருடம்! அப்போதே வெளியிட்டிருந்தால் தடுப்பு போடாத கம்பெனிகளைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கலாம், வங்கிகளும் எஸ்எம்எஸ் ஓடிபியை எப்போதோ தூக்கியெறிந்திருக்கும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் எஸ்எம்எஸ் ஓடிபியை இன்றே நிறுத்திவிட்டு ஆதென்டிகேட்டர் செயலிக்கோ (போனிலேயே குறியீட்டை உருவாக்குவது) பாஸ்கீக்கோ (கைரேகை, முகம் அல்லது போன் பூட்டை வைத்து உள்ளே போவது) மாறுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், அப்படித் தள்ளிப்போட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். சிம் மாற்றத்துக்குப் பூட்டு போடும் வசதி பல போன் கம்பெனிகளின் செயலியிலேயே இருக்கும், அதைப் போடுங்கள். போன் கம்பெனிக் கணக்குக்கு ஒரு பின் (PIN) எண்ணும் வையுங்கள், பிறந்த வருடத்தை வைக்காதீர்கள். முக்கியமான பேச்சை சிக்னல் என்ற செயலியிலோ வாட்ஸப்பிலோ பேசுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபி தவிர வேறு வழியே தராத வங்கி என்றால், ஏன் தரவில்லை என்று எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வர வேண்டிய ஓடிபி வராமல் போனாலோ, காரணமில்லாமல் போனில் சிக்னல் செத்துப்போனாலோ, அந்த நேரத்தை நிமிடத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அந்த நேரத்துப் பதிவுகளை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். மாமா போனில் மட்டும்தான் பேசியிருந்தார். நேற்று அவரோடு உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். மெசேஜ் வராத ராத்திரி மணி என்ன என்று கேட்டபோது, "பதினொன்றரை இருக்கும்" என்றார். பக்கத்திலிருந்த மாமி, "இல்ல, பதினொன்று நாற்பது. நான் மாத்திரை போடும் நேரம்" என்றார். அதையே எழுதினோம்.